வழிகாட்டி நாயைப் பேருந்தில் ஏற்ற மறுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் நீர் அழுத்த நோயால் பார்வையை முழுவதும் இழந்த என் தம்பி, கடந்த மாதம் தன் வழிகாட்டி நாயுடன் டெல்லியிலிருந்து கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். கோவை வரை விமானத்தில் அந்த லாப்ரடார் அவன் காலடியிலேயே படுத்து வந்தது. மேட்டுப்பாளையத்தில் இரண்டு பேருந்துகளின் நடத்துநர்கள் நாயைக் கண்டதும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால், வாடகைக் கார் பிடித்துத்தான் மலையேற முடிந்தது.

இரண்டு நாள் கழித்து உதகையில் ஒரு விடுதிக்குச் சென்றபோது, மேலாளர் மரியாதையாகவே பேசினார். நாயை வெளியே கட்டிவிட்டால் தம் ஊழியர் தம்பியைக் கைப்பிடித்து அறைக்கு அழைத்துச் செல்வார் என்றார். சிறுத்தை நடமாடும் இந்த மலையில் இரவில் நாயை வெளியே கட்டினால் காலையில் சங்கிலிதான் மிஞ்சும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட என்னை வருத்தியது, யார் கையையும் பிடிக்காமல் நடக்க வேண்டும் என்பதற்காகவே அவன் அந்த நாயுடன் பல மாதம் பயிற்சி எடுத்தான் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, வழிகாட்டி நாயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனாலும், அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் செய்து தரக்கூடிய நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடே என்று அதன் வரையறைப் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடம் உண்டு. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது இடங்களையும் போக்குவரத்தையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த உதவும் அணுகல் வசதிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடாமல் கட்டாய விதிகளாக வகுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த விதிகளில் வழிகாட்டி நாய் என்ற சொல் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். பொதுவான வாசகத்தைப் பேருந்துப் படிக்கட்டில் நின்றுகொண்டு நடத்துநருக்கு விளக்க முடியாது.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, நாயின் பணி வெளிப்படையாகத் தெரியாத இடத்தில் இரண்டே கேள்விகள்தாம் கேட்கலாம்: உடற்குறை காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, எந்த வேலைக்குப் பயிற்சி பெற்றது? மன ஆறுதலுக்காக மட்டும் வளர்க்கும் நாய் அந்த உரிமைக்குள் வராது. நாய் கட்டுக்கடங்காமல் போய், உரிமையாளரும் அதை அடக்காவிட்டால் வெளியேறச் சொல்லலாம். இந்த வேறுபாடு இங்கும் வேண்டும் என்பதே என் கருத்து, ஏனெனில் செல்லப்பிராணிக்கெல்லாம் உரிமை கேட்டால் உண்மையில் தேவைப்படுபவருக்கும் கதவு மூடப்படும்.

நாயைக் கண்டு அஞ்சுவோரின் அச்சத்தையும் நான் குறை கூறவில்லை. வெறிநோய்த் தடுப்பூசி தயாரித்துவந்த பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இருக்கிறது. அந்நோயின் கொடுமையை எங்கள் மலை நன்கு அறியும். தடுப்பூசிச் சான்றைக் காட்டச் சொல்லலாம், வாரைப் பிடித்திருக்கச் சொல்லலாம். முதுமலைக் காட்டுக்குள் நாயை விடக் கோருவதும் சரியல்ல. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் செந்நாய்களுக்கும் புலிகளுக்கும் பரவக்கூடும். காட்டுக்குப் பொருந்தும் அந்தத் தடை, பேருந்துக்கும் விடுதிக்கும் உணவகத்துக்கும் பொருந்தாது.

மலர்க் கண்காட்சிக்காகத் தம்பி மே மாதம் மீண்டும் வர இருக்கிறான். அதற்கு முன்பாக நீலகிரி மாவட்ட நிர்வாகம், வழிகாட்டி நாயுடன் வருவோரை ஏற்றிக்கொள்ளுமாறு பேருந்துப் பணிமனைகளுக்கும் விடுதிகளுக்கும் எழுத்துப்பூர்வமான சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மறுக்கப்பட்டால் அந்த இடத்திலிருந்தே யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பதையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தங்கள் நாளிதழ் வழியாகவே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோத்தகிரி.