பறக்காத பெண்பூச்சியும் ஆல்ப்ஸ் மலையும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கவிதாவுக்கு எம்.எஸ்சி. விலங்கியலில் இடம் கிடைத்தது இன்னும் பெரிய சந்தோஷம். நாங்கள் நலம். இங்கே ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் பனி உருகி, மலைமேல் போகும் பாதைகளைத் திறந்துவிட்டார்கள்.

வேலை போக மற்ற நேரத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக சாட்லேரியா என்ற சின்ன அந்துப்பூச்சிதான் என் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே, புல்லும் பாறையும் மட்டும் இருக்கும் இடத்தில் வாழ்கிற பேரினம் அது, அதாவது நெருங்கிய பல இனங்களின் தொகுதி. ஆண் பறக்கும், ராத்திரி விளக்குக்கும் வரும். பெண்ணுக்குப் பறக்க வராது. போன கோடையில் ஒரு பெண்ணைக் கல்லிடுக்கில் பார்த்தேன். சாம்பல் நிறம், முட்டை நிறைந்த வயிறு, அதன்மேல் குறுகிக் கூர்ந்த சிறகுகள். விரலைக் கிட்டே கொண்டுபோனதும் ஓடிப் புல்லுக்குள் புகுந்துவிட்டது. அந்தக் குளிரிலும் காற்றிலும் சிறகுக்குச் செலவழிக்கும் சத்தை முட்டைக்குக் கொடுப்பதே லாபம் என்கிறார்கள்.

முட்டையிடுகிறவள் பறக்காவிட்டால் அந்த இனம் எப்படி இடம் மாறும்? கீழே உள்ள வெதுவெதுப்பான பள்ளத்தாக்கைக் கடக்க வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு மலைத்தொடரும் அதற்கு ஒரு தீவு. நெடுங்காலம் தனித்தனியாகக் கிடந்தவை தனித்தனி இனங்களாகவே ஆகிவிட்டன. ஆனால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இவற்றைப் பிரித்துக் காட்டியவர்கள் இந்த ஊர் அருங்காட்சியகத்தின் பீட்டர் ஹூமரும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹெபர்ட்டும். 2011இல் வந்த கட்டுரை. டிஎன்ஏ பார்கோடு என்ற முறையை 2003இல் முன்வைத்தவர் ஹெபர்ட். ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்து ஒப்பிட்டு, எந்த இனம் என்று அறிவது. அதோடு நின்றுவிடாமல் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்துச் சில புதிய இனங்களை விவரித்தார்கள். பிரான்ஸ், இத்தாலி எல்லையில் இருக்கும் காட்டியன் ஆல்ப்ஸில் கிடைத்தது சாட்லேரியா காட்டியெல்லா. கிரயன் ஆல்ப்ஸில் கிடைத்தது சாட்லேரியா கிரையெல்லா. வரைபடத்தை எடுத்துப் பார், இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொடர்கள், நடுவில் சூசா பள்ளத்தாக்கு. நமக்கு ரயிலில் கொஞ்ச நேரப் பயணம்!

உடலமைப்பு என்று சுலபமாக எழுதிவிட்டேன். நிஜத்தில் அது எவ்வளவு பொறுமையான வேலை தெரியுமா? பூச்சியின் வயிற்றைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி இளக்கி, செதில்களை மெல்லிய தூரிகையால் நீக்கி, இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் விரித்து வைக்க வேண்டும். அங்கே ஒரு முள்ளின் அகலம், ஒரு வளைவு, இவற்றில்தான் இனங்களுக்கு வித்தியாசம் தெரியும். அப்புறம் ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து, சிவப்புச் சீட்டு குத்தி, இந்தப் பெயருக்கு இதுதான் சான்று என்று நிரந்தரமாக வைத்துவிடுவார்கள். மரபணு வரிசை மட்டும் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது என்பதுதான் என் கருத்து. நாளைக்கு ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அந்த உடல் அங்கே இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஆல்ப்ஸ் சூடாகிக்கொண்டே வருகிறது, செடிகள் மேலே ஏறுகின்றன. உச்சியில் இருக்கும் பூச்சி அதற்குமேல் எங்கே போகும்? பக்கத்து மலைக்குத் தாவவும் பெண்ணுக்குப் பறக்கும் சிறகில்லை.

கவிதாவிடம் இதையெல்லாம் சொல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே கதைதான். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று சோலைக்காட்டுக் குருவிகளே வேறு வேறு இனமாகப் பிரிந்திருக்கின்றன. பழனி மலையிலும் நீலகிரியிலும் புல்வெளிகளில் உள்ள நுண் அந்துப்பூச்சிகளை அவள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. முதலில் நுண்ணோக்கியின் கீழே வயிற்றைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளட்டும். அந்த 2011 கட்டுரையைத் தபாலில் அனுப்புகிறேன். படித்துவிட்டுச் சந்தேகம் இருந்தால் எனக்கு நேரடியாகவே எழுதச் சொல்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
பாலு