அந்தக் கழிப்பறையைத் திறந்து வையுங்கள்: ஒரு பாட்டியின் திறந்த மடல்

திறந்தவெளி வரலாற்று அருங்காட்சியகத்தையும் அதனோடு சேர்ந்த விலங்குப் பூங்காவையும் நடத்திவரும் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். கடந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் புகார்ப் பதிவேட்டில் நான் எழுதிவிட்டு வந்ததும், அதன்பின் இருமுறை கடிதம் அனுப்பியதும் உங்களுக்குத் தெரிந்தவையே. மூன்றுக்கும் பதில் வராததால் இப்போது பொதுவில் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: வளாகத்தின் நடுவில் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் கழிப்பறையைப் பார்வை நேரம் முழுவதும் திறந்து வையுங்கள், அதன் சுவரிலுள்ள குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரச் செய்யுங்கள்.

அன்று எட்டு வயதுப் பேத்தியையும் ஐந்து வயதுப் பேரனையும் அழைத்து வந்திருந்தேன். நடுகல் வரிசைக்கு வந்ததும், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து வீரன் ஒருவனுக்காக நட்ட அந்தக் கல்லில் அவனுடைய நாயும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தி அதில் எழுத்தாகவே வெட்டப்பட்டிருக்கிறது. “நாய்க்குக்கூடப் பேரு எழுதினாங்களா பாட்டி?” என்று கேட்டவள், ஒவ்வொரு கல்லாகப் போய் எதிலாவது நாய் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினாள். குழந்தைகளை அழைத்துவந்ததன் பயன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

பாதி வரிசையில் என் காதருகே வந்து பாத்ரூம் போக வேண்டும் என்றாள். அம்புக்குறிப் பலகை காட்டிய வழியில், மான் அடைப்பைத் தாண்டி, கத்திரி வெயிலில் நடந்தோம். கதவில் பூட்டுத் தொங்கியது. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. காவலாளி, “உள்ள தண்ணி இல்லம்மா, கேட்டுக்குத்தான் போகணும்” என்றார். அவர்மீது எனக்குக் குறையில்லை. நாள் முழுவதும் அங்கே நிற்கும் அவரும் அதே தூரம் நடந்துதான் போகிறார். பேட்டரி வண்டி நிரம்பி வந்தது, நிற்கவில்லை. முட்டிவலிக்காரியான நான் ஒரு கையில் பேரனையும் மறு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு நுழைவாயிலை நோக்கி நடந்தேன். பாதி வழிவரை அடக்கிக்கொண்டு வந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

கூட்டம் போகும் பாதையில், நனைந்த பாவாடையோடு, கையிலிருந்த வளாக வரைபடத்தை விரித்து முன்னால் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. வீடு வந்து சேரும்வரை பேசவும் இல்லை. அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும் “அங்க பாத்ரூம் தொறந்திருக்குமா?” என்பதே அவளுடைய முதல் கேள்வி. பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் தண்ணீர்ப் புட்டி மாலையில் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. அவளிடம் கேட்டு, பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு அவள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

மான்களின் தொட்டியில் அன்று தண்ணீர் நிறைந்திருந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டும், நிரப்பியவர்களுக்கு நன்றி. அதே கவனம், நுழைவுச் சீட்டு வாங்கி வந்த குழந்தைகளுக்கும் உரியது என்பதைச் சொல்ல வேண்டிய நிலை வந்ததில்தான் எனக்குக் கோபம்.

அருங்காட்சியகமும் விலங்குகளும் ஒரே வளாகத்தில் இருப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1851இல் தொடங்கி எழும்பூருக்கு வந்து சேர்ந்த அருங்காட்சியகத்தின் வளாகத்திலேயே, எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர் 1855இல் விலங்குகளையும் வைத்தார். பின்னர் சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூருக்கு இடம் மாறியது அந்த விலங்குக் காட்சிச்சாலைதான். எங்கள் தலைமுறைக்கு எழும்பூர் ‘செத்த காலேஜ்’, பார்க் டவுன் ‘உயிர் காலேஜ்’. என் பேத்தியின் வயதில், காணும் பொங்கலன்று அப்பாவின் தோளில் ஏறி இரண்டையும் பார்த்தவள் நான். படிக்காதவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம்பி வந்த இடங்கள் என்பதால்தான் அவற்றைக் காலேஜ் என்றார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் குறை உங்கள் வளாகத்தோடு நிற்பதல்ல. வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்க இந்த நகரத்துப் பெண்கள் பழகிவிட்டோம். கடற்கரை, சந்தை, பேருந்து நிலையம் என்று எங்கே போனாலும் இதே கணக்குத்தான். அறுபது வயதில் நான் போடும் கணக்கை எட்டு வயதிலேயே ஒரு குழந்தை போடக் கற்றுக்கொண்டது உங்கள் வளாகத்தில் என்பதால், முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை, கட்டடம் இருக்கிறது. தண்ணீர் இணைப்பைச் சரிசெய்து, துப்புரவுக்கு ஆளை அமர்த்தி, அவருக்கு உரிய கூலி கொடுத்து, அந்தக் கழிப்பறையைத் திறந்து வையுங்கள். காணும் பொங்கல் கூட்டம் வருவதற்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

திறந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். நடுகல் வரிசையில் பாதியை அவள் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு பாட்டி