குண்டூசிக்கு, அடம்பனிலிருந்து

அடம்பன்,
மன்னார் மாவட்டம்,
14.02.2026

அன்புள்ள குண்டூசி,

உன் குரல்பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன். முதலில் "குடிபுகுந்த வீட்டுப் படத்தை அனுப்படி கள்ளி" என்று சிரித்தாய். பிறகு "என்னோடு கோபமோ?" என்று கேட்டாய். போன நத்தாருக்கு ஒன்றும் கேட்காமல் வாழ்த்தை மட்டும் அனுப்பினாய். அதுதான் நெஞ்சில் குத்தியது. பதினாறு மாதமாக நான் வாய் திறக்காததற்குக் காரணம் கோபமில்லை, வெட்கம். ஏனென்று இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கு விளங்கும்.

இங்கே எல்லாரும் சுகம். மாமிக்குக் காதுதான் கேட்பதில்லை, வாய் பழையபடி. மகன் கட்டாரில். டிட்வா புயல் மழை தின்றது போக மிஞ்சிய வயலை இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அத்தானின் முழங்கால் எப்படி? ஸ்காபரோ பனியில் அவரைப் படியேற விடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் தம்பியை உயிலங்குளச் சந்தியில் கண்டேன். நீ பாலத்தடிக் காணியில் வீடு கட்டப்போகிறாயாம், ஒரு கொம்பனியோடு கதைத்து முடித்துவிட்டாயாம், வருகிற கிழமை முற்பணம் அனுப்புகிறாயாம். நிலத்துக்கு என்ன நிறத்தில் மாபிள் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாயாம். ஒரு சேலை எடுக்க ஏழு கடை ஏறி இறங்குகிறவள் நீ! ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் காசு அனுப்புகிறாயா? அனுப்பாதே. இதை வாசித்து முடிக்கும் வரைக்குமாவது அனுப்பாதே.

நானும் அப்படித்தான் ஒரு படத்தைப் பார்த்தேன். பட்டணத்தில் குளிரூட்டிய கந்தோர், கண்ணாடி மேசை, கணினித் திரையில் என் வீடு. முற்றத்தில் ஒரு கார்கூட நின்றது. கொம்பனியின் பேரை இங்கே எழுதவில்லை, நேரில் வரும்போது சொல்கிறேன். தொள்ளாயிரம் சதுர அடி, அறுபத்தைந்து இலட்சம், நூற்றியிருபது நாளில் சாவி. என்னுடைய ஓய்வூதியக் கொடுப்பனவும் மகன் கட்டாரில் ஏழு வருடம் வெயிலில் நின்று சேர்த்ததும் அதற்குள் போனது. கையெழுத்துப் போடும்போது முப்பது வீதம், கதவு, யன்னலுக்கு மேலே லின்டல் மட்டத்தில் முப்பது, கூரையில் முப்பது, சாவி தரும்போது பத்து. உடன்படிக்கை முழுக்க ஆங்கிலத்தில். "ரீச்சர், எல்லாருக்கும் இதே படிவம்தான்" என்றான் அந்தப் பிள்ளை. மரியாதையான பிள்ளை, குறை சொல்லமாட்டேன். நான் பதினான்கு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன்.

அந்தக் கந்தோரில் இருந்த எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உங்கள் காணியில் என்ன மண்?

எங்கள் மண் உனக்குத் தெரியாதா? சின்னப்பிள்ளையில் கோடை வெடிப்புக்குள் கையை விட்டு எவளுக்கு முழங்கை மட்டும் போகிறது என்று பந்தயம் கட்டினோமே, உன் காப்பு உள்ளே விழுந்து உன் அம்மா கொட்டனோடு வந்தாரே! அதே களிதான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடும் காலம் வரைக்கும் முருங்கனில் இருந்துதான் அதற்குக் களி போனது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாய்கிற இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கறுப்புக் களி ஓடுகிறது. நெல்லுக்கு அது தாய்மடி. மாரியில் தண்ணீரைக் குடித்து ஊதும், கோடையில் காய்ந்து சுருங்கும். மேலே நிற்பதையெல்லாம் வருடத்துக்கு ஒருதரம் தூக்கி, ஒருதரம் இறக்கும்.

அவர்கள் 2024 வைகாசிக் கடைசியில் அத்திவாரம் வெட்டினார்கள். களி கல்லாக இறுகிக் கிடக்கிற காலம். இரண்டரை அடியில் நிறுத்திவிட்டு, "நல்ல கெட்டி நிலம் அன்ரி" என்றான் சுப்பவைசர். மாமி வாசலில் இருந்து பார்த்துவிட்டு, "உது இப்ப நித்திரை கொள்ளுது, மழைக்கு எழும்பும்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மாமி, அவர்கள் படித்தவர்கள்" என்று சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் மனது கூசுகிறது.

மடுத் திருநாளுக்கு முன் கூரை போட்டுவிட்டார்கள். ஐப்பசியில் சுவாமி வந்து ஆசீர்வதித்தார். குடிபுகுந்தோம். உனக்குப் படம் எடுத்துத்தான் வைத்திருந்தேன், மாமி புதுக் கதிரையில் இருக்கிற படம். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக அனுப்புவோம் என்று விட்டேன். கார்த்திகை மழை பிடித்தது. அந்த வருடம் கொட்டிய கொட்டு உனக்குச் செய்தியில் தெரிந்திருக்கும். ஒருநாள் இரவு மாமியின் அறையில் பலகை முறிந்ததுபோல ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. விடிந்த பிறகுதான் கண்டேன். யன்னலின் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சரிவாக ஒரு கோடு. மயிர்போல மெல்லியது. வர்ணத்தில்தான் என்று நினைத்தேன்.

அந்தக் கோடு முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு சிறு வரை போட்டுத் திகதி எழுதினேன்: 02.12.2024. முப்பத்திரண்டு வருடம் வரவுப் புத்தகம் எழுதிய கை, சும்மா இருக்குமா? அடுத்த கிழமை கோடு நாலு விரல் தாண்டியிருந்தது. மறுபடி ஒரு வரை, ஒரு திகதி. தை பிறக்கும்போது ஐம்பது சத நாணயம் நுழைந்தது. குசினிக் கதவு பூட்டவில்லை, நிலை ஒரு பக்கம் கிளம்பிவிட்டது.

எங்கள் மேசன் அண்ணையைக் கூப்பிட்டேன். அதே ஆள்தான், மணிக்கோபுர விஷயத்தில் உன்னைக் காப்பாற்றியவர். அவர் சுவரைத் தடவிப் பார்த்தார், வெளியே போய் ஒருதரம் வீட்டைச் சுற்றி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. உடைந்த கண்ணாடியில் ஒரு துண்டை எடுத்து வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சீமெந்து அப்பினார். "சுவர் நிண்டுட்டுதெண்டால் கண்ணாடி இருக்கும் ரீச்சர்." பன்னிரண்டாம் நாள் காலை கண்ணாடி நடுவில் முறிந்து, ஒரு பாதி மாமியின் தலையணையில் கிடந்தது.

கொம்பனிக்கு எத்தனை தரம் அழைத்திருப்பேன்! "அனுப்புகிறோம் அன்ரி" என்பார்கள். சித்திரை வெயிலில் களி சுருங்கி வெடிப்பும் பாதி ஒடுங்கின பிறகு ஒரு பையன் சுவர் அடைக்கிற பட்டிப் பசையும் தூரிகையுமாக வந்தான். அடைத்தான், வர்ணம் அடித்தான், கைபேசியில் படம் எடுத்தான். "வேலை முடிந்தது" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டான். என் பென்சில் திகதிகளின் மேலும் வர்ணம் பூசிவிட்டான். நல்லவேளை, ஒவ்வொன்றையும் நான் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தத் தாளில் கையெழுத்து வைக்கவில்லை. கடைசிப் பத்து வீதத்தில் ஐந்து இலட்சத்தை நான் அப்போது கொடுத்திருக்கவில்லை. ஒரு மாரி போகட்டும், பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு நடந்ததுதான் என் வாயை அடைத்தது. புரட்டாதியில் எனக்கு, நீதிமன்றம் போகாமல் பிணக்கைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபையில் இருந்து கடிதம் வந்தது. முறைப்பாடு செய்தது நானல்ல, அவர்கள். நான் ஐந்து இலட்சம் தரவேண்டிய கடன்காரியாம். தபால்காரன் என்னிடம் படித்த பிள்ளை, கடிதத்தை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இடப்பெயர்விலும் முகாமிலும்கூட ஒருவரிடம் ஐந்து ரூபாய் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் விட்டவளல்ல நான். அது உனக்குத் தெரியும். அந்த இரவு முழுக்க மாமிக்குக் கேட்காத காதை நினைத்துச் சத்தமாகவே அழுதேன்.

சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் கூட்டம். நான் ஆறாம் ஆண்டுக்குத் தமிழ் படிப்பித்த அதே வகுப்பறை, அதே சின்ன வாங்கு. முதல் இரண்டு தரம் அவர்கள் வரவில்லை. இதற்குள் டிட்வா வந்து, அடைத்த பட்டியெல்லாம் உதிர்ந்து, வெடிப்புக்குள்ளால் வெளி வெளிச்சம் தெரியத் தொடங்கிவிட்டது. மூன்றாம் தரம் ஓர் இளம் பொறியியலாளர் வந்தார். உடன்படிக்கையின் பதினோராம் பக்கத்தைத் திறந்தார்: ஒரு வருட உத்தரவாதம் உண்டு, ஆனால் நிலத்தின் தன்மையால் வரும் வெடிப்பு அதற்குள் அடங்காது. அந்த வரியைத் தமிழில் நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

மத்தியஸ்தர் மூவரில் ஒருவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என் படங்களை ஒவ்வொன்றாக, திகதி வரிசையில், மேசையில் பரப்பினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இந்தக் களியில எத்தனை அடி வெட்டினீங்கள்?" பிள்ளை தாளைப் புரட்டினான். "ரெண்டரை, சேர்." "கிடங்கு வெட்டி மண் பாத்தீங்களோ?" பதில் இல்லை. "பாக்காத மண்ணின்ர தன்மையை எப்பிடித் தம்பி உத்தரவாதத்தில இருந்து கழிச்சனீங்கள்?"

குண்டூசி, எனக்கு எழும்பி அவர் காலைத் தொடவேண்டும்போல இருந்தது.

முடிவு என்னவென்றால், ஐந்து இலட்சத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். திருத்துகிற வேலை என் பொறுப்பு. எழுதிக் கையெழுத்திட்டாயிற்று. நீதிமன்றம் போயிருக்கலாம் என்று மகன் சொல்கிறான். மாமிக்கு எண்பத்தாறு வயது, அவர் அந்த அறையில் படுக்கவேண்டும், எனக்கு வழக்குத் தவணைக்கு வயதில்லை. ஆனால் இது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து இலட்சத்தில் இந்த வீடு நேராகாது.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. பக்கத்தில் எங்கள் பழைய வீடு நிற்கிறது, 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. ஐந்தரை இலட்சம்தான் தந்தார்கள். அதையும் மொத்தமாகத் தரவில்லை. ஒரு கட்டம் முடித்து, வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்த காசு. அப்போது எவ்வளவு திட்டினோம்! மாமா உயிரோடு இருந்தார். மேசன் அண்ணையை நாலரை அடி வெட்டவைத்து, களியை அள்ளி வெளியே போட்டு, கிரவலும் மணலும் அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டு இடிப்பித்தார். அதற்கு மேலே சுற்றிவரக் கம்பி கட்டிக் கொங்கிறீட் வளையம். அத்திவாரத்திலேயே காசு முடிந்து என் தாலிக்கொடி அடைவுக்குப் போனது. பதின்மூன்று வருடம், ஒரு கீறல் இல்லை. மாமியின் கட்டிலை இப்போது அங்கேதான் போட்டிருக்கிறேன். 2016இல் அறுபத்தையாயிரம் இரும்பு வீடு தருகிறோம் என்று அரசாங்கம் வந்தபோது, எங்கள் வெயிலுக்கும் மண்ணுக்கும் பொருந்தாது என்று ஊர்க்கூட்டத்தில் எழும்பி நின்று கதைத்தவளும் நான்தான். கையில் காசு வந்ததும் அதே மண்ணை நானே கேட்காமல் விட்டேன்.

இனி உன் வீடு. உன் பாலத்தடிக் காணி என் காணியைவிட மோசமான களி, வாய்க்கால் ஓரம் வேறு. கொம்பனியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கேயிருந்து நீ எப்படி மேசனை மேய்ப்பாய்? ஆனால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த இலக்கம் இருக்கிறதா என்று கேள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. ஒப்பந்தகாரரைப் பதிந்து தரம் பிரிக்கிறவர்கள் அவர்கள். இலக்கத்தை வாங்கி நீயே சரிபார், அவர்கள் வாயால் சொல்வதை எடுக்காதே. உடன்படிக்கையைத் தமிழில் கேள். அத்திவாரத்தின் ஆழத்தையும், களியை எடுத்து என்ன நிரப்பப்போகிறார்கள் என்பதையும் அதில் எழுதச் சொல். வேலைக்கு முன்னால் காசு போகக்கூடாது, பின்னால் போகட்டும். கடைசியில் ஒரு பங்கை ஒரு முழு மாரி போகும் வரைக்கும் கொடாதே, அந்தச் சொல்லும் தாளில் இருக்கட்டும். வாய்ச்சொல்லாக வைத்திருந்ததால்தான் நான் கடன்காரியானேன். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குக் கொங்கிறீட் சரிவு போட்டால் கூரைத்தண்ணீர் அடிக்களிக்குள் இறங்காது. அம்மா நட்ட அந்த வேம்பு வீட்டுக்குக் கிட்ட வராதபடி வரைபடத்தைத் திருப்பிப் போடச் சொல், வேர் கோடையில் களியின் ஈரத்தை இன்னும் உறிஞ்சும். வேம்பை மட்டும் தறித்துவிடாதே, சொல்லிவிட்டேன்.

எனக்கு மேசன் அண்ணை சித்திரையில் வருகிறார். மாமியின் அறைச் சுவருக்குக் கீழே துண்டு துண்டாகத் தோண்டிக் கொங்கிறீட் இறக்கிப் பார்ப்பதாகச் சொல்கிறார். முழு வீட்டுக்கும் என்னால் முடியாது, அந்த ஒரு மூலைக்குப் போதும்.

செவ்வாய்க்கிழமை அவரையும் அலவாங்கையும் கூட்டிக்கொண்டு உன் காணிக்குப் போகிறேன். வேம்பிலிருந்து நாற்பதடி தள்ளி, ஆறடிக்கு ஒரு கிடங்கு வெட்டுவோம். அடிமண் வரைக்கும் வீடியோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். அதை உன் கொம்பனிப் பொறியியலாளருக்குக் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குச் சொல். கிடங்கு வெட்ட நாலாயிரம் கேட்கிறார், தம்பியிடம் வாங்கிக்கொள்கிறேன்.

படமும் இத்தோடு வைத்திருக்கிறேன். மாமி புதுக் கதிரையில். பின்னால் சுவர் அப்போது நல்லாயிருந்தது.

உன்,
கிளி