பி.சி.ஆர். கேஸில் ராஜி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைப் படித்தேன். தீண்டாமை ஒழிப்புச் சட்டத்தின் (இப்போது பி.சி.ஆர். சட்டம் என்கிறோமே, அதன்) கதையை 1955இலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். நம் சென்னை மாகாணத்தில் அதற்கு 30 வருஷம் முன்பே, 1924இல், பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றி, அடுத்த வருஷம் அது அரசிதழிலும் வந்துவிட்டது. 1938இல் இன்னொரு தலித் தலைவர் எம்.சி. ராஜா இதற்காகக் கொண்டுவந்த மசோதா சட்டமே ஆனது. இவர்களை விட்டுவிட்டு டெல்லியிலிருந்து தொடங்கினால் எப்படி?

அந்தப் 'பொதுவழி' என்ன ஆனது என்பது வேறு கதை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள், அப்போது அது நம் வேலூர் மாவட்டம்தான். வயல் வழியாகப் போக விடவில்லை என்று ஜனங்கள் சொன்னார்கள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது.

கட்டுரையில் ஒரே வரியில் தாண்டிப்போன 1976 திருத்தம்தான் எனக்கு முக்கியம். 1955 சட்டப்படி கோர்ட் அனுமதியோடு ராஜியாகலாம். 1976 நவம்பரில் அந்த வழியை அடைத்தார்கள், சட்டத்தின் பெயரையும் மாற்றினார்கள் (பி.சி.ஆர். என்று நாம் சொல்வது அப்போது வந்த பெயர், குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்), வேண்டுமென்றே விசாரணையைத் தட்டிக்கழிக்கும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை என்று சேர்த்தார்கள்.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் திருவிழா சமயத்தில் எங்கள் காலனிப் பையனை ஊர்த்தெருவில் வண்டியிலிருந்து இறக்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே மனு எழுதி வாங்கும் ரைட்டர் "திருவிழா நேரத்துல எதுக்குப்பா, பேசி முடிச்சுக்குங்க" என்றார். மனு ரசீதும் தரவில்லை. ராஜி எழுத வெள்ளைப் பேப்பரைக்கூட எங்களைத்தான் வாங்கிவரச் சொன்னார். அப்புறம் எல்லோருக்கும் டீ வந்தது, காகிதக் கப்பில். எங்கள் தாத்தாவுக்குத் தனி டம்ளர், கடைக் கூரை எரவாணத்தில் செருகியிருக்கும், குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே செருக வேண்டும். அது ஒழிந்ததற்குச் சட்டத்தைவிடக் காகிதக் கப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு, ராஜி கிடையாது, தட்டிக்கழிக்கும் ஊழியரும் உடந்தை என்ற அந்தத் திருத்தத்தின் இரண்டு பிரிவுகளையும் தமிழில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் திருவிழா வருகிறது, ரைட்டர் அவரேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்