உளச்சிகிச்சைக் கையேட்டில் முதலில் தேட வேண்டிய பக்கங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல ஆலோசனைத் துறைக்குப் புதிதாக வருவோருக்கான நூல்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அதிகமான சிகிச்சை முறைகளை அடக்கிய கையேட்டையே வாங்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. பல ஆண்டுகளாக இப்பணியில் இருக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பயிற்சி முடித்த புதிதில் நானும் அப்படியொரு தடித்த நூலைத்தான் வாங்கினேன். ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு முதல் ஆரன் பெக்கின் அறிதல்சார் சிகிச்சை வரை ஒவ்வொன்றுக்கும் பத்துப் பக்கம் இருந்தது; ஆனால் எதிரே அமர்ந்திருப்பவரிடம் சிகிச்சையாளர் என்ன பேசுகிறார் என்பது எங்கும் இல்லை. அந்நாட்களில், கதவைப் பூட்டினோமா என்று ஓயாமல் சரிபார்க்கும் ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயின் பாதிப்புடன் வந்த ஒருவருக்கு, ‘பூட்டியிருப்பீர்கள், கவலை வேண்டாம்’ என்று வாரந்தோறும் ஆறுதல் சொல்லிவந்தேன். அந்த ஆறுதலே நோய்க்குத் தீனியாகும் என்பதையும், சரிபார்க்காமல் இருந்து பதற்றத்தைத் தாங்கிக்கொள்ளப் படிப்படியாகப் பழக்குவதே முறை என்பதையும், ஒரே சிகிச்சையை மட்டும் விளக்கிய மெல்லிய நூலொன்றில், சிகிச்சையாளர்கள் செய்யும் பிழைகளைப் பற்றிய அத்தியாயத்தில்தான் பின்னர் படித்தேன். அவர் வீணாக்க நேர்ந்த மாதங்களை எண்ணினால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

அதனால்தான் எந்தக் கையேட்டைக் கையில் எடுத்தாலும், ஒரு சிகிச்சை முறை யாருக்குப் பொருந்தாது, எந்த இடத்தில் தவறிப்போகும் என்று சொல்லும் பக்கங்களை முதலில் தேடுகிறேன். பதிப்பாண்டையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய நூல்களில் பழைய வகைப்பாடே இருக்கக்கூடும்.

எல்லா முறைகளும் ஒரே அளவு பலன் தருவதால் எதைப் படித்தாலும் சரியே என்று சிலர் வாதிடலாம். 1936-இல் உளவியலாளர் ரோசன்ஸ்வைக் முன்வைத்த அக்கருத்துக்கு, 1977-இல் ஆய்வாளர்கள் ஸ்மித்தும் கிளாஸும் ஏறத்தாழ 375 ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரை வலுச் சேர்த்தது உண்மையே. ஆயினும் அது பலவகைப் பாதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. குறிப்பிட்ட ஒருவரின் ஓசிடிக்கு எது ஏற்றது என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது.

இனி இத்தகைய நூல்களுக்குத் தங்கள் இதழ் மதிப்புரை வெளியிடும்போது, அத்தியாயங்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், முழு அமர்வொன்றின் உரையாடல் நூலில் இடம்பெற்றுள்ளதா என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மனநல ஆலோசகர் ஒருவர்