268 மணி நேரம் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

கோவாவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியை முடித்துவிட்டு மதுரைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பள்ளிக்கூடம், வீடு, பிள்ளைகள். இதற்கு நடுவில் உனக்கு எப்படி நேரம் கிடைத்தது?" எப்படியோ கிடைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் எனக்கே உறுத்தியதால், ஓர் இரவு பயிற்சி நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். தேர்தல் பணி முடிந்த மறுவாரம், 2024 ஏப்ரல் 22-ஆம் தேதி திங்கட்கிழமை முதல் வரியை எழுதியிருக்கிறேன். போட்டி நடந்தது தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, அக்டோபர் 27 ஞாயிறு. இடையில் 27 வாரங்கள், 268 மணி நேரம்.

அந்த நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வேறொருவரின் பெயரை என்னால் எழுத முடிந்தது. நேரம் எனக்குக் கிடைக்கவில்லை, நீங்கள் தந்தீர்கள். உங்களில் சிலருக்குத் தந்ததே தெரியாது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கலந்துகொண்டதை அரை அயர்ன்மேன் என்பார்கள். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 90 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலை மட்டும் 70 நிமிடத்துக்குள். நான் 7 மணி 47 நிமிடத்தில் முடித்தேன். பரிசு வாங்கும் வேகம் இல்லை இது. ஆனால் 41 வயதுக் கணக்கு டீச்சரான எனக்கு இந்த எண் மிகவும் பிடித்திருக்கிறது.

அத்தை, முதல் நன்றி உங்களுக்கு. நான் 4 மணிக்கு எழுந்தால் நீங்கள் 3.50-க்கு எழுந்திருப்பீர்கள். 72 வயதில், முழங்கால் வலியோடு, இரண்டு பிள்ளைகளுக்கும் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்தீர்கள். மே மாத வெயிலில் ஓடிவிட்டு வந்து தலை சுற்றி உட்கார்ந்த அன்று, எவ்வளவு வியர்க்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். ஓடப் போகும் முன்பும் வந்த பின்பும் எடை பார்த்து, குடித்த தண்ணீரையும் கணக்கில் சேர்த்தால் தெரிந்துவிடும். மறுநாளிலிருந்து எடை இயந்திரத்தின் பக்கத்தில் நீங்களே நின்றீர்கள். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் இரண்டு எண்களையும் எழுதி, கழித்தும் வைத்தீர்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 900 கிராம் குறைந்தது. வியர்வையோடு உப்பும் போகிறது என்று நான் விளக்கத் தொடங்கியபோது, "வயலில் வேலை செய்தவளுக்கு இது தெரியாதா?" என்று கேட்டு, எலுமிச்சை பிழிந்து, உப்பும் பனைவெல்லமும் போட்ட தண்ணீரை நீட்டினீர்கள். 27 வாரமும் என் சைக்கிள் பாட்டிலில் இருந்தது அதுதான். ஓடும்போது சாப்பிட என்று கடைகளில் விற்கும் ஜெல் பாக்கெட்டுகளை இரண்டு முறை வாங்கிப் பார்த்தேன். என் வயிறு ஏற்கவில்லை. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமும் நீங்கள் கலந்த தண்ணீரும்தான் கோவா வரைக்கும் வந்தன.

எதற்காக இப்படி ஓடுகிறாய் என்று ஒரே ஒரு முறை கேட்டீர்கள். ஓடினால் நன்றாக இருக்கிறது அத்தை என்றேன். "அப்படியானால் ஓடு" என்றீர்கள். அதன்பிறகு கேட்கவே இல்லை.

என் கணவருக்கு. முதல் பதினொரு வாரம் இருட்டில் என் பின்னால் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். ஓடுபவரின் வேகத்துக்கு ஸ்கூட்டரை ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. விளக்கு வெளிச்சம் எனக்கு முன்னால் விழவேண்டும், நாய்கள் வந்தால் நடுவில் புகவேண்டும், பேசவும் கூடாது. முடித்ததும் நான் குளிக்கப் போவேன். நீங்கள் கடை திறக்கப் போவீர்கள். அந்தப் பதினொரு வாரத் தூக்கத்தை நீங்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

பிறகு தெப்பக்குளத்துப் பெண்கள் என்னைப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். அரை மராத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் தூரத்துக்குப் பதினெட்டுச் சுற்று. அங்கே நடக்க வரும் அக்காமார் எட்டுப் பேருக்கும் என் பெயர் தெரியாது, எனக்கும் உங்கள் பெயர்கள் தெரியாது. ஆனால் எத்தனையாவது சுற்று என்பது எனக்கு மறந்தாலும் உங்களுக்கு மறக்காது. "பதினொன்று!" என்று ஒருவர் வடக்கு மூலையில் சொல்வார், நான் பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டிருப்பேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அக்கா சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆகஸ்டில் ஒருநாள் நான் வராததால் மறுநாள் எட்டுப் பேரும் நின்று விசாரித்தீர்கள். இருட்டில் தனியாக ஓடும் ஒரு பெண்ணுக்கு, தன்னைத் தேட எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய காவல்! அதே நேரத்தில் துடைப்பத்தோடு சாலையில் இருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும். கண்ணாடிச் சில்லு கிடந்த இடத்தில் என்னைக் கை காட்டி நிறுத்திய அம்மா, உங்களால்தான் என் பாதம் தப்பியது.

இனி நான் சொல்லப்போவதைப் பொதுவில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். பெண்கள் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டாததற்குக் காரணம் கால் பலம் இல்லாதது அல்ல. வழியில் கழிப்பறை இல்லாதது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் போய், அங்கிருந்து மேலூர் போய், அதே வழியில் திரும்புவேன். மூன்று, நான்கு மணி நேரம். முதல் சில வாரங்களில் அந்தப் பயத்தினாலேயே தண்ணீர் குடிக்காமல் ஓட்டினேன், அந்த வெயிலில். தண்ணீர் குடிக்காததால் வேகம் விழுந்தது, தலை வலித்தது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் தங்கை, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பணியாளர்களுக்கான கழிப்பறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து நான் வருவதைக் கண்டதுமே சாவியை நீட்டினாள். மாதவிலக்கு நாட்களில் கூட நான் நீண்ட பயிற்சியைத் தவறவிடாததற்கு அந்தச் சாவிதான் காரணம். தங்கையே, என் 90 கிலோமீட்டரில் பாதி உன்னுடையது.

மூன்றாண்டுகளுக்கு முன்பு இரும்புச்சத்து குறைந்து ஹீமோகுளோபின் 9.8-க்கு இறங்கியபோது, ஓட்டத்தை நிறுத்தச் சொல்லாமல் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொன்ன மருத்துவருக்கும், மாத்திரை போட்ட பிறகு இரண்டு மணி நேரம் டீ குடிக்காதே என்று மிரட்டிய மருந்தகத்து அம்மாவுக்கும் நன்றி. குதிகால் வலிக்குப் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கச் சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் தம்பி, வலி போய்விட்டது, இன்றும் செய்கிறேன்.

சைக்கிள் கடை பாய்க்கு. நான் பழைய பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு முதல் தடவை உங்கள் கடைக்கு வந்தபோது அதன் மெலிந்த வால்வில் உங்கள் பம்ப் பொருந்தவில்லை. வேறு கடைக்குப் போங்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து, பிரெஸ்டா வால்வுக்கான சின்னப் பித்தளை மூடி ஒன்றைத் தேடி வாங்கி வைத்திருந்தீர்கள், காசும் வாங்கவில்லை. கோவாவுக்குப் புறப்படும் முன் சைக்கிளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டினீர்கள். பெங்களூரில் ரயில் மாறி, கோவா போய்ப் பிரித்தால், இடது பெடலில் நூல் கட்டி ஒரு துண்டுச் சீட்டு: "இடது பெடல் எதிர்த்திருகு. மறக்க வேண்டாம்." அந்தச் சீட்டு இல்லாதிருந்தால், பதற்றத்தில் வலதுபக்கம் போலவே திருகி மரையை அழித்திருப்பேன். போட்டி அங்கேயே முடிந்திருக்கும். சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீச்சலைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் நான் வாழ்நாளில் மிகவும் தாமதமாகக் கற்றேன். 1994-இல் குற்றாலீசுவரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி நீச்சல் வீரர் மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தபோது எனக்குப் பதினொரு வயது. அவர் என்னைவிட இரண்டு வயதே மூத்தவர். பத்திரிகையில் வந்த படத்தை நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் பையன்கள் எல்லோரும் கிணற்றில் குதித்து நீச்சல் பழகினார்கள். நாங்கள் கிணற்றடியில் துணி துவைத்தோம். 39 வயதில்தான் முதன்முதலாகத் தண்ணீருக்குள் தலையை முக்கினேன். நீச்சல் குளத்தின் பெண்கள் நேரத்தில் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் அக்கா, மூன்று வாரம் என்னை நீந்தவே விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சை விட மட்டும் சொன்னார். மூச்சை உள்ளே இழுக்கத் தெரியாமல் யாரும் திணறுவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே விடாததால்தான் திணறுகிறார்கள் என்பார். உண்மைதான். அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு ஐம்பது மீட்டர் குளத்தில் 38 தடவை, அதாவது 1.9 கிலோமீட்டர், என்னால் நிற்காமல் போக முடிந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் குளம் வேறு, கடல் வேறு. கடலில் அடியில் கோடு கிடையாது, பிடிக்கச் சுவர் கிடையாது. கோவா கடல் வெதுவெதுப்பானது என்பதால், குளிர்கடலில் உடம்பை மிதக்க வைக்கும் ரப்பர் உடுப்பும் உதவிக்கு வராது. செப்டம்பரில் நான்கு சனிக்கிழமைகள் பஸ் பிடித்து மண்டபம் போனேன். என்னோடு வேலை பார்ப்பவரின் சித்தப்பா அங்கே மீனவர். ஐயா, நீங்கள் முதலில் என்னைத் தண்ணீரில் இறக்கவில்லை. கரையில் நிறுத்திக் கடலைக் காட்டினீர்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் காலத்தில் தென்கடல் புரளும், வடகடல் தூங்கும் என்று சொல்லி, வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் கூட்டிப் போனீர்கள். வள்ளத்தை என் வலது கைப்பக்கமாகவே ஓட்டி வந்தீர்கள். நான் மூச்செடுக்கத் திரும்பும்போதெல்லாம் உங்கள் முகம் தெரிந்தது. இரண்டாவது சனிக்கிழமை ஒரு சொறிமீன் (ஜெல்லி மீன்) கையில் பட்டு எரிந்தபோது நான் வள்ளத்தைப் பிடிக்க வந்தேன். நீங்கள் பிடிக்க விட்டீர்கள், எரிச்சல் தணியும்வரை பேச்சுக் கொடுத்தீர்கள், பிறகு "இன்னும் பாதி இருக்கிறது" என்று மட்டும் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் மீன்பாட்டை எனக்காக விட்ட மனிதர், நான்கு முறையும் டீசல் காசைத் தவிர எதையும் வாங்க மறுத்தார்.

மிராமர் கடற்கரையில் அன்று காலை நீரில் இறங்கியபோது வலப்பக்கம் வள்ளம் இல்லை. நூற்றுக்கணக்கான கைகளும் கால்களும்தான் இருந்தன. ஒருவர் கால் என் நீச்சல் கண்ணாடியில் பட்டு அது நகர்ந்தது. நின்றேன், மிதந்தேன், மூச்சை வெளியே விட்டேன், "இன்னும் பாதி இருக்கிறது" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். 64 நிமிடத்தில் கரையேறினேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவிகளே, "டீச்சர், கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்?" என்று நீங்கள் கரும்பலகையில் போட்டுத் தந்த கணக்கு ஓட்டத்தில் பதினான்காவது கிலோமீட்டர் வரை அப்படியே ஒத்து வந்தது. அதன்பிறகு வெயில் வென்றது. அங்கே என் தொப்பிக்குள் பனிக்கட்டியை அள்ளிப் போட்டு, ஐம்பதடி கூடவே ஓடி வந்த கோவா இளைஞரின் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. முன்பு ஓர் அரை மராத்தானில் பதினாறாவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்து நாங்கள் தவித்தபோது, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு இந்த மடல் போய்ச் சேராது என்று தெரிந்தும் இதில் சேர்க்கிறேன்.

கடைசியாக, எங்கள் பள்ளித் தமிழாசிரியை அக்காவுக்கு.

ஜூன் 10-ஆம் தேதி பள்ளி திறந்ததும் என் நீச்சல் நின்றுபோக இருந்தது. செவ்வாயும் வியாழனும் பத்தாம் வகுப்புக்குக் காலைச் சிறப்பு வகுப்பு எனக்கு. நான் கேட்கவே இல்லை. நீங்களாகவே வந்து, "கணக்குத் தாளைக் கொடுத்துவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்கள். இருபது வாரம், நாற்பது காலைகள். விடைத்தாள்களைத் திருத்தக்கூடக் கற்றுக்கொண்டீர்கள். என் நோட்டில் நீச்சல் என்று எழுதிய வரிகளில் பெரும்பகுதி உங்களுடையது அக்கா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உங்கள் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதையும், நீங்கள் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்ததால் அது உங்களுக்கு வாய்க்காமல் போனதையும் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னீர்கள். உங்கள் அம்மாகூடக் கற்றுக்கொண்டார், நான்தான் கற்கவில்லை என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்துபோனீர்கள். நான் அதை மறக்கவில்லை.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன். என் மகளின் சைக்கிளை பாயிடம் கொடுத்து இருக்கையை இறக்கி வைத்திருக்கிறேன். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றும். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள்தான், சேலையிலேயே ஏறலாம். பின்னால் பிடித்துக்கொண்டு நான் ஓடி வருவேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
மதுரை