விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டு ஒருமுறை எழுதிப் பாருங்கள்

பொது வினாத்தாள் தயாரிக்கும் குழுவினருக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் அறிவியல் தாளின் நான்காவது ஒரு மார்க் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். தொலைபேசியில் இரண்டு முறை பேசியிருக்கிறேன். “குறிப்பில் உள்ளபடியே திருத்துங்கள்” என்று பதில் வந்தது. அப்படியே திருத்தினேன். ஆனால் மனம் ஒப்பவில்லை, அதனால்தான் இந்த மடல்.

கேள்வி இதுதான்: நீர் கொதிக்கும் வெப்பநிலை எது? அ) 0 டிகிரி செல்சியஸ், ஆ) 93 டிகிரி செல்சியஸ், இ) 100 டிகிரி செல்சியஸ், ஈ) 373 கெல்வின். உங்கள் குறிப்பில் விடை ‘இ’.

373 கெல்வினும் 100 டிகிரி செல்சியஸும் ஒன்றுதானே? ‘ஈ’ எழுதிய பிள்ளைக்கு எதற்காகச் சுழியம் போட்டோம்? அது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் பள்ளி ஊட்டிக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆகஸ்டில் பிள்ளைகள் பீக்கரில் தண்ணீர் வைத்து, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, அவர்களே அளந்தார்கள். நீர் தளதளவென்று கொதித்தும் வெப்பநிலைமானி 93-க்கு மேல் ஏறவில்லை. ஏன் என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசினோம். ஒரு மாணவி மறுநாள் வந்து, “அதனாலதான் டீச்சர் எங்க வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகறதே இல்ல” என்றாள். இத்தனை வருடத்தில் எனக்கு அதைவிட நல்ல பதில் கிடைத்ததில்லை.

அந்தப் பெண் தேர்வில் ‘ஆ’ எழுதினாள். நான்தான் என் கையால் சுழியம் போட்டேன்.

போனது ஒரு மதிப்பெண்தான். ஆனால் அடுத்த வாரம் ஊசலின் அலைவு நேரத்தை அளக்கச் சொன்னபோது அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “டீச்சர், அளந்தத எழுதணுமா, புத்தகத்துல இருக்கறத எழுதணுமா?” அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

‘இயல்பான வளிமண்டல அழுத்தத்தில்’ என்று ஒரு தொடரைச் சேர்த்து, 373 கெல்வினை நீக்கியிருந்தால் கேள்வி சரியாகியிருக்கும். அச்சுக்குப் போகும் முன், தாளைத் தயாரிக்காத ஓர் ஆசிரியர் விடைக்குறிப்பைப் பார்க்காமல் உட்கார்ந்து எழுதியிருந்தால் பத்தே நிமிடத்தில் இது கண்ணில் பட்டிருக்கும். நான் கேட்பது அது ஒன்றுதான்.

எழுதிப் பார்க்கிறவர் இன்னும் பலவற்றைச் சொல்வார். அதே தாளில் ‘பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டறிந்தவர் யார்?’ என்ற கேள்விக்கு எட்வர்டு ஜென்னர், லூயி பாஸ்டர், பெனிசிலின், சின்னம்மை என்று நான்கு விடைகள். ‘யார்’ என்று கேட்டுவிட்டு ஒரு மருந்தையும் ஒரு நோயையும் வைத்தால், பாடமே படிக்காத பிள்ளைக்கும் பாதி வேலை முடிந்தது. ‘மேற்கண்ட அனைத்தும்’ வந்த மூன்று இடத்திலும் அதுவே விடை. ‘தவறானது எது’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில்கூடப் போடவில்லை; அவசரத்தில் வாசிக்கிற பிள்ளை சரியானதைத் தேடிக்கொண்டிருக்கிறது.

தவறான விடைகளை எழுதுவதுதான் இதில் கடினமான வேலை. அவற்றைப் பிள்ளைகளின் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். கோடைக் காலம் ஏன் வருகிறது என்று கேளுங்கள். ‘பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்’ என்று வகுப்பில் பாதிப்பேர் சொல்வார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்; எங்கள் புல்வெளியில் உறைபனி கிடக்கும் நேரம் அது. அந்தத் தவறை ஒரு விடையாக வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் அதை எழுதுகிறார்கள் என்பதை வைத்தே மறுநாள் எதை நடத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 75-க்கு 12 மதிப்பெண் இந்த வகைக் கேள்விகளுக்குத்தான். அப்புறம் நீட், டி.என்.பி.எஸ்.சி. என்று வாழ்நாள் முழுக்க நான்கில் ஒன்றுதான். எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகள் ‘புக் பேக்’ கேள்விகளை ‘ஒன்று இ, இரண்டு அ’ என்று எழுத்தாகவே மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? யோசித்தவளுக்குச் சுழியம், ஒப்பித்தவளுக்கு முழு மதிப்பெண் என்று நாம்தானே காட்டினோம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாள் தயாரிக்க உங்களுக்குக் கிடைக்கும் நாட்கள் எவ்வளவு குறைவு என்பது எனக்கும் தெரியும். நான்காவது கேள்விக்கு ‘ஆ’, ‘ஈ’ எழுதிய பிள்ளைகளுக்கும் மதிப்பெண் வழங்கும்படி ஒரு திருத்தம் அனுப்புங்கள். அரையாண்டுத் தாளை, அச்சுக்கு முன்னால், குறிப்பைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு சனிக்கிழமை நானே காலை முதல் பேருந்தில் இறங்கி வந்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
மலையில் பணிபுரியும் ஓர் அறிவியல் ஆசிரியர்